பையருக்கு மெயில் எழுதும்போது ‘சின்ன’ என்பதை எப்படிச் சொல்வது?

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனிக்கு மெர்ச்சண்டைசிங் (ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும்) வேலைக்கு வரும் புதுப் பிள்ளைகள் பையருக்கு, அதாவது நம்மிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு, எழுதும் மெயில்கள் முதல் மூன்று மாதம் என் டேபிளைத் தாண்டித்தான் வெளியே போகும். இலக்கணப் பிழையை நான் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ‘சின்ன’, ‘கொஞ்சம்’ இரண்டையும் ஆங்கிலத்தில் என்னவாக்கி வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். சூடு பட்டவள் நான்.

2013 என்று ஞாபகம். இங்கிலாந்து பையருக்கு 3,000 பீஸ், பையன்கள் டீ-ஷர்ட், நேவி புளூ. சட்டைக் கைக்கான துணி ஒரு டையிங் லாட் (ஒரே தடவையில் சாயம் போட்டது), உடம்புக்கான துணி வேறு லாட். நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸில் வைத்தால் கை மட்டும் லேசாக வெளுத்துத் தெரியும். மறைக்கக்கூடாது என்று நேர்மையாக மெயில் போட்டேன்: ‘தேர் இஸ் லிட்டில் ஷேட் வேரியேஷன் இன் ஸ்லீவ்.’ கொஞ்சம் ஷேட் மாறியிருக்கிறது என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. அவர்கள் படித்ததோ, ‘ஷேட் மாற்றம் ஏறக்குறைய இல்லை’ என்று. அன்றைக்கே ஓகே வந்துவிட்டது. சரக்கு போய்ப் பெட்டியைப் பிரித்த பிறகு வந்தது டிஸ்கவுண்ட் கேட்டு மெயில். போனில் பையர் பக்கத்து அம்மா, ‘நீங்கள்தானே எழுத்தில் கொடுத்தீர்கள்’ என்றார். முதலாளி என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

‘லிட்டில்’ முன்னால் ஒரு ‘எ’ விட்டுப்போனது, அவ்வளவுதான். ‘எ லிட்டில்’ என்றால் கொஞ்சம் இருக்கிறது. வெறும் ‘லிட்டில்’ என்றால் இருந்தும் இல்லாத மாதிரி. ‘எ ஃபியூ’, ‘ஃபியூ’ இரண்டும் இதே கதைதான். முதலாவது எண்ணக்கூடிய சில, இரண்டாவது ‘அரிதாகத்தான்’. தமிழில் ‘கொஞ்சம் இருக்கு’ என்பதற்கும் ‘கொஞ்சம்தான் இருக்கு’ என்பதற்கும் நடுவில் ‘தான்’ செய்கிற வேலையை, அங்கே அந்த ஒற்றை எழுத்து இல்லாமல் போவது செய்கிறது. அனுப்பும் முன் மெயிலில் ‘லிட்டில்’ என்று தேடிப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ‘எ’ வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்த பிறகு அனுப்புங்கள்.

அடுத்தது ‘மைனர்’. நமக்கு மைனர் என்றால் பதினெட்டு வயது ஆகாதவன், இல்லையென்றால் கழுத்தில் செயின் போட்ட ஊர் மைனர். செக்கிங் டேபிளில் அது வெறும் பெயரடை இல்லை, கணக்கு. 3,000 பீஸ் லாட்டில் வழக்கமான லெவல் 2 இன்ஸ்பெக்‌ஷன் என்றால் 125 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். மேஜருக்கு (பெரிய குறைக்கு) ஏக்யூஎல், அதாவது ஏற்றுக்கொள்ளும் குறை வரம்பு, 2.5, மைனருக்கு (சிறு குறைக்கு) 4.0 என்று பையர் வைத்திருந்தால், மேஜர் 7 வரை பாஸ், எட்டாவது வந்தால் ஃபெயில். மைனர் 10 வரை பாஸ், பதினொன்று ஃபெயில். அதனால் ‘மைனர் ஹோல்’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். ஓட்டை குண்டூசி முனை அளவு இருந்தாலும் பெரும்பாலான பையர் மேனுவலில் அது மேஜர். ‘ஸ்மால் ஹோல்’ என்று எழுதுங்கள். அது அளவை மட்டும் சொல்லும், தீர்ப்புச் சொல்லாது. வெட்டாமல் விட்ட நூல் பிசிறு மாதிரியானவற்றுக்குத்தான் மைனர்.

‘ஸ்லைட்’, ‘நெக்லிஜிபிள்’ இரண்டும் அப்படியே. அமெரிக்க ஜவுளிச் சோதனை அமைப்பான ஏஏடிசிசி முறையில் வரும் கலர் ஃபாஸ்ட்னெஸ் (சாயம் நிற்கிறதா என்ற) ரிப்போர்ட்டைப் பார்த்திருப்பீர்கள். அதில் கிரேடு 5 என்றால் மாற்றம் ‘நெக்லிஜிபிள்’ அல்லது இல்லவே இல்லை. கிரேடு 4 ‘ஸ்லைட்’. நம் கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை நெக்லிஜிபிள் என்று எழுதினால், லேபில் 5 வாங்கிவிட்டதாக அர்த்தம் எடுப்பார்கள். கண்ணுக்குத் தெரிந்தால் ஸ்லைட், கையில் ரிப்போர்ட் இருந்தால் மட்டும் நெக்லிஜிபிள்.

‘பெட்டி’, ‘டிரிவியல்’. இவற்றைப் பையரின் புகார் பக்கத்தில் வைக்கவே கூடாது. எங்கள் பையன் ஒருவன் ‘திஸ் இஸ் எ பெட்டி இஷ்யூ, வீ வில் கரெக்ட்’ என்று டைப் செய்து வைத்திருந்தான். கேட்டால், ‘பெட்டி கேஷ்னா சின்னக் காசுதானேங்க்கா’ என்கிறான். கேஷ் பக்கத்தில் அந்தச் சொல் சாது. பிரச்சினை பக்கத்தில் போனால் ‘இதெல்லாம் ஒரு விஷயமா, அற்பம்’ என்று கேட்பவரையே அற்பமாக்கும். பிரெஞ்சில் சின்ன என்று பொருள்படும் ‘பெத்தி’ (petit) தான் அதன் மூலம், ஆங்கிலத்துக்கு வந்த பிறகு புத்தி குறுகிவிட்டது. (நம் பெட்டிக்கடையில் இருப்பது தமிழ்ப் பெட்டி. போர்டில் ‘பெட்டி ஷாப்’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.)

நான் வைத்திருக்கும் வழி இதுதான். தப்பு நம்முடையது என்றால் அதைச் சின்னது என்று நாம் சொல்லக்கூடாது; எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். ‘மியர் டூ டேஸ் டிலே’ என்று எழுதினால் ‘வெறும் ரெண்டு நாள், அதுக்கு இவ்வளவு பேச்சா’ என்ற எரிச்சல் தெரியும். ‘டூ டேஸ் டிலே’ போதும். 125-ல் 6 பீஸில் எண்ணெய்க்கறை என்றால் அதையே எழுதுங்கள், சின்னதா பெரியதா என்று அவர்கள் சொல்லட்டும். நாம் ஒன்று கேட்கும்போது மட்டும் சின்னதாகக் காட்டலாம். பீஸுக்கு ஐந்து சென்ட் கூட்டிக் கேட்டால் ‘மாடெஸ்ட் இன்க்ரீஸ்’ என்பது மரியாதை. அவர்கள் ஒரு சென்ட் மட்டும் கூட்டினால் ‘மீஸ்லி’ (அற்பத்தனமாகக் கொஞ்சம்) என்று கேன்டீனில் சொல்லிக்கொள்ளலாம்.

தமிழிலிருந்து அப்படியே இறங்கும் இரண்டு உண்டு. ‘ஒரு சின்ன சந்தேகம்’ என்பதை ‘ஒன் ஸ்மால் டவுட்’ ஆக்குவது. உங்கள் மேல் எனக்கு நம்பிக்கை குறைகிறது என்று வெளிநாட்டுக்காரர் நினைப்பார். ‘எ குவிக் கொஸ்டின்’ என்று எழுதுங்கள். இன்னொன்று, ‘சின்னச் சின்ன’ என்பதை ‘ஸ்மால் ஸ்மால்’ ஆக்குவது. அங்கே சொல்லை இரட்டித்தால் பன்மை வராது. ‘எ ஃபியூ ஸ்மால்’ என்றுதான் வரும். மிகப் பொடியான என்பதற்கு ‘மைன்யூட்’ என்றொரு சொல் உண்டு. எழுத்து ‘மினிட்’ மாதிரியே இருப்பதால் வீடியோ காலில் நிமிஷம் என்று படித்துவிடுவார்கள். ‘டைனி’ என்றாலே போதும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே டையிங் யூனிட்டில் நிற்கும் பையனிடமிருந்து வாட்ஸ்அப்: ‘ஸ்மால் ஸ்மால் பேட்ச் இருக்குங்க்கா, பையருக்கு மைனர்னு போட்டுரட்டுமா?’ எத்தனை துணி ரோலில் எத்தனை பேட்ச் (திட்டு), ஸ்கேல் வைத்துப் போட்டோ அனுப்பு என்று பதில் போட்டிருக்கிறேன்.