ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகிறீர்களா? மஞ்சள் காய்ச்சல் ஊசியை முதலில் போடுங்கள்

நைஜீரியா, கானா, காங்கோ, உகாண்டா என்று வேலைக்குப் போகிறவர்கள் பலர் விசா, டிக்கெட் எல்லாம் முடித்துவிட்டு, கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சலுக்கான தடுப்பூசியைக் கடைசியில்தான் நினைக்கிறார்கள். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். ஊசி போட்டதற்குச் சான்றாக ஒரு மஞ்சள் அட்டை தருவார்கள்; ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அது செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். எந்த நாளில் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அசல் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். அட்டையில் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். முட்டை ஒவ்வாமை இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். 10 ஆண்டுக்கு ஒருமுறை என்ற பழைய விதி 2016-லேயே மாறிவிட்டது. அதனால் அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள். இந்தியா திரும்பும்போதும் கேட்பார்கள். இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்த நேரிடும். லீவில் வருகிறவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு!

அப்புறம் மலேரியா. அதற்கு இந்த ஊசி உதவாது, ராத்திரி கொசுவலை கட்டாயம். ஊருக்கு வந்தபின் காய்ச்சல் அடித்தால், எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் நீங்களே சொல்லி, அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.