மாறும் பட்டியலைக் கொண்டு எஸ்க்யூஎல் வினவலை வடிகட்டுதல்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலுள்ள ஜவுளிக்கடை ஒன்றின் ஆர்டர்களைப் பின்கோடு வாரியாகக் காட்டும் செயலியை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். டெலிவரி வண்டி இன்று ராயபுரத்துக்கும் (600013) திருவொற்றியூருக்கும் (600019) போகும். நாளை எண்ணூரும் (600057) தண்டையார்பேட்டையும் (600081) சேர்ந்துகொள்ளும். எத்தனை பின்கோடுகள் வரும் என்பது தரவுத்தளத்திடம் தரவைக் கேட்கும் எஸ்க்யூஎல் வினவலை எழுதும்போது தெரியாது.

‘பின்கோடு இன் (?)’, அதாவது பின்கோடு இந்தப் பட்டியலில் உள்ளதா, என்று எழுதி, மதிப்புக்கு இடம்பிடிக்கும் அந்தக் கேள்விக்குறிக்கு ‘600013,600019’ என்ற சரத்தை (எழுத்துத் தொடரை) அனுப்பிப் பார்ப்பதே பலரின் முதல் முயற்சி. ஒரு கேள்விக்குறி ஒரே மதிப்பைத்தான் ஏற்கும். நடுவிலுள்ள காற்புள்ளியும் அந்த மதிப்பின் ஓர் எழுத்தாகவே கொள்ளப்படும். ஆகவே பின்கோடு எழுத்து வகை நெடுவரிசையில் இருந்தால், பிழைச்செய்தி எதுவுமின்றி விடை வெறுமையாக வரும். மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் அது எண் வகையாக இருந்தாலோ, சரத்தின் தொடக்கத்திலுள்ள எண் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டு ராயபுரத்து ஆர்டர்கள் மட்டுமே கிடைக்கும். பாதி விடை சரியாக இருப்பதால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பதால், இதையே நான் பெரிய ஆபத்தாகக் கருதுகிறேன்.

இதற்காக மதிப்புகளை வினவலின் உரையோடு நேரடியாக ஒட்டிவிடவும் கூடாது. பயனர் தட்டச்சு செய்தது கட்டளையாகவே இயங்கிவிட அது வழிவிடும். பட்டியலில் உள்ள மதிப்புகளை எண்ணி, அத்தனை கேள்விக்குறிகளைக் காற்புள்ளியிட்டு அடைப்புக்குறிக்குள் அமைத்து, மதிப்புகளை அதே வரிசையில் தனித்தனியாக இணைப்பதே சரியான வழி. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற மற்றொரு தரவுத்தளத்தில் ‘பின்கோடு = எனி($1)’ என எழுதி (இங்கே கேள்விக்குறியின் இடத்தில் $1 வருகிறது) முழுப் பட்டியலையும் ஒரே அணியாக (பல மதிப்புகள் கொண்ட ஒற்றை மதிப்பாக) அனுப்பலாம்; பட்டியல் நீண்டாலும் குறுகினாலும் வினவல் மாறாது என்பதால், அங்கே இதையே பரிந்துரைப்பேன்.

பட்டியல் காலியாக இருக்கிறதா என்று முன்பே சோதிப்பது அவசியம், ஏனெனில் ‘இன் ()’ என்பதை மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இரண்டுமே தொடரியல் பிழையாக நிராகரிக்கும். எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் எல்லா ஆர்டர்களையும் காட்டுவதா, எதையும் காட்டாமல் விடுவதா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தளம் ஒரு வினவலில் 2,100 அளவுருக்களுக்கு (இப்படித் தனியாக இணைக்கும் மதிப்புகளுக்கு) மேல் ஏற்காது. அவ்வளவு நீண்ட பட்டியலைத் தற்காலிக அட்டவணையில் இட்டு, ஆர்டர் அட்டவணையோடு ஜாயின் செய்யலாம் (இணைக்கலாம்).

சில பகுதிகளை விலக்க ‘நாட் இன்’ பயன்படுத்தும்போது, பட்டியலில் ஒரேயொரு ‘நல்’ (NULL, அதாவது மதிப்பு தெரியாத வெற்றிடம்) மதிப்பு நுழைந்தாலும் ஒரு வரிசைகூடத் திரும்பாது. ஆகவே ‘நல்’ மதிப்புகளை முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும்.