ஒப்பந்த மென்பொருள் பணியாளர்கள் எப்போது ஓய்வு பெறலாம்?

சேலத்திலோ ஏற்காட்டிலோ வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனங்களுக்கு ஒப்பந்த முறையில் மென்பொருள் எழுதித் தருபவர்களுக்கு, 58 அல்லது 60 வயதில் விடைகொடுத்து அனுப்பும் நிர்வாகமும் இல்லை, தொழிலாளர் வைப்பு நிதியும் பணிக்கொடையும் இல்லை. ஆகவே, ஓய்வு பெறும் வயதைவிட வேலையைக் குறைக்கத் தொடங்கும் வயதை முதலில் முடிவு செய்வதே சிறந்தது என்று உறுதியாகக் கருதுகிறேன். உடலை அதிகம் வருத்துவது அமெரிக்க நேரத்துக்கு விழித்திருக்கும் இரவு வேலைதான். வருமானம் சற்றுக் குறைந்தாலும் அதையே முதலில் விட்டுவிடுங்கள்.

பிபிஎஃப் எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு 15 ஆண்டுகளில் முதிர்வடைவதால், 45 வயதுக்குள் தொடங்கினால் தொகை 60 வயதையொட்டிக் கைக்கு வரும். வேலை தொடர்ந்தால் ஐந்தைந்து ஆண்டுகளாக நீட்டித்துக்கொள்ளலாம்.

மருத்துவக் காப்பீட்டை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் இருக்கக்கூடும் என்பதாலும், வயது ஏற ஏற பிரீமியம் உயரும் என்பதாலும், சம்பாதிக்கும்போதே சொந்தப் பெயரில் எடுத்துவிட வேண்டும். முதுமையில் ஏற்காட்டில் குடியேற விரும்புவோர், பெரிய மருத்துவமனைக்குச் செல்ல 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்க வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.