சிகிச்சையில் இருப்பவர் பீடி, சிகரெட்டை விட உதவுவது எப்படி?

“வந்தது வந்தாச்சு, இனி விட்டு என்ன ஆகப்போகுது?” புற்றுநோயாளிகள் பலர் கேட்பது இதைத்தான். நேரடியாகப் பதில் சொல்லுங்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிஜன் குறைந்த கட்டியில் கதிர்வீச்சு சரியாகப் பலிக்காது. ஆபரேஷன் புண் ஆறுவதும் தாமதமாகும். இன்றைக்கு விட்டாலும் லாபம்தான்.

“நீயே இழுத்துவிட்டுக்கிட்டது” என்று வீட்டில் யாரும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் ஒளிந்து குடிப்பார், டாக்டரிடமும் மறைப்பார்.

எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி என்று கேளுங்கள். அரை மணிக்குள் என்றால் புகைக்கும் ஆசையை அடக்கும் நிகோடின் சூயிங்கம் 4 மி.கி., அதற்குப் பிறகு என்றால் 2 மி.கி. பலர் தவறு செய்வது மெல்லும் விதத்தில். காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லலாம். இப்படி அரை மணி. விடாமல் மென்றால் நிகோடின் வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும் வரும். அதைக் கீமோவின் தொந்தரவு என்று நினைத்துக்கொள்வார்கள். மெல்லுவதற்குக் கால் மணி முன்பிருந்தே டீ, காபி, ஜூஸ் வேண்டாம்.

வாய்ப்புண் இருந்தால் சூயிங்கம் கூடாது, தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச்தான். நாளுக்கு 10 சிகரெட்டுக்கு மேல் பிடித்தவருக்கு வழக்கமாக 21 மி.கி. 6 வாரம், பிறகு 14 மி.கி. 2 வாரம், 7 மி.கி. 2 வாரம். கதிர்வீச்சு படும் தோலில் ஒட்டாதீர்கள். தினமும் இடத்தை மாற்றுங்கள். கெட்ட கனவு வந்தால் இரவில் கழற்றிவிடலாம்.

புகையை விட உதவும் புப்ரோபியான் மாத்திரையை நீங்களாகவே கடையில் கேட்டு வாங்கவே கூடாது. கட்டி மூளைக்குப் பரவியிருந்தால் வலிப்பு வரக்கூடும். மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிஃபென் சாப்பிடுபவருக்கு அந்த மருந்தின் பலனையும் குறைக்கும். இரினோடெக்கான், எர்லோடினிப் என்ற புற்றுநோய் மருந்துகளை எடுப்பவர் புகையை விட்டதும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். புகைக்கும்போது இவை உடலிலிருந்து சீக்கிரம் வெளியேறும். விட்டபின் அளவை மாற்ற வேண்டிவரலாம்.

முதல் 3 நாள் எரிச்சலும் தூக்கமின்மையும் அதிகம். பீடிக்குப் பதில் ஹான்ஸ் என்று மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் புகையிலைதான். ஸ்கேன் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாளில் கை தானாக டீக்கடைப் பக்கம் போகும். அன்று யாராவது கூடவே இருங்கள். தவறி ஒன்று பிடித்துவிட்டால் திட்டாதீர்கள், சூயிங்கம், பேட்ச்சையும் நிறுத்தாதீர்கள். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும்.