பிரான்சில் இசைக்கும் பிராண்டுக்கும் நடுவே தொழில் தொடங்குவது எப்படி?

பிரான்சில் இசைத்துறையில் பழகியபின் பிராண்டுகளின் சந்தைப்படுத்தலுக்குள் நுழைய விரும்புபவர், தாம் விற்கப்போவது என்ன என்பதை முதலில் முடிவுசெய்ய வேண்டும். வெளிவந்த பாடலுக்கு விளம்பர அனுமதி பெற்றுத் தருவது ஒரு வேலை. நிறுவனத்துக்கென்றே அடையாள ஒலி அமைப்பது முற்றிலும் வேறு வேலை. 2002-இல் பாரிசில் தொடங்கிய கிட்சுனே நிறுவனத்தைப்போல் இசை லேபிளையும் (பாடல்களை வெளியிடும் நிறுவனம்) ஆடை பிராண்டையும் ஒரே பெயரில் நடத்துவது மூன்றாவது வழி என்றாலும், இரு தொழில்களின் செலவையும் ஒருசேரச் சுமக்க வேண்டியிருப்பதால் புதியவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அடையாள ஒலிக்கு மிக்கேல் பூமென்டில் நல்ல எடுத்துக்காட்டு. 1995-இல் சிக்ஸியெம் சோன் நிறுவனத்தைத் தொடங்கிய இவர், பிரெஞ்சு ரயில்வேக்கு அமைத்த நான்கு சுர ஒலி 2005 முதல் நிலையங்களில் ஒலித்து வருகிறது. ஏக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நிலையத்தில் அதைக் கேட்ட பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் கிதார் கலைஞர் டேவிட் கில்மோர், கைப்பேசியில் பதிவுசெய்து 2015-இல் வெளியிட்ட ஒரு பாடலில் பயன்படுத்தியபோது, பாடலின் படைப்பாளர்களுள் ஒருவராகப் பூமென்டிலின் பெயரும் இடம்பெற்றது. நான்கே சுரமானாலும் அதற்கு உரிமையாளர் உண்டு என்பது இத்தொழிலின் அரிச்சுவடி.

ஆகவே, பாடலைத் தேர்ந்தெடுத்தவுடன் இரு தரப்பினரைத் தேடிச் செல்லுங்கள்: பாடலை எழுதியவர்கள் அல்லது அவர்களுடைய இசைப் பதிப்பாளர் ஒரு தரப்பு, ஒலிப்பதிவின் உரிமையை வைத்திருக்கும் தயாரிப்பாளர் மறு தரப்பு. ஒருவர் இசைந்து மற்றவர் மறுத்தால் அந்தப் பதிவைப் பயன்படுத்த முடியாது. படைப்பாளர்களுக்காக உரிமைத்தொகை வசூலிக்கும், 1851-இல் உருவான சாசெம் அமைப்புக்குக் கட்டணம் செலுத்திவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் படைப்பாளரின் தார்மிக உரிமையை, அதாவது தம் பெயரும் படைப்பும் மதிக்கப்பட வேண்டும் என்று கோரும் உரிமையை, பிரெஞ்சுச் சட்டம் விற்கவோ விட்டுக்கொடுக்கவோ இயலாததாகக் கருதுவதால், விளம்பரத்துக்கு அவருடைய இசைவைத் தனியே பெற வேண்டும்.

ஒப்பந்தத்தில் 'எல்லா உரிமைகளும்' என்று எழுதித் தப்பிக்க இயலாது. அறிவுசார் சொத்துச் சட்டத்தொகுப்பின் எல் 131-3 பிரிவின்படி, ஒப்படைக்கப்படும் ஒவ்வோர் உரிமையையும் தனித்தனியே குறிப்பிட்டு, அதன் அளவு, நோக்கம், இடம், காலம் ஆகியவற்றையும் வரையறுக்க வேண்டும். தொலைக்காட்சிக்கு மட்டும் வாங்கிய பாடலை வாடிக்கையாளர் இணையத்திலும் ஏற்றினால், கேள்வி உங்களிடம்தான் வரும்.

தொழில் பதிவு எளிது. 2023 முதல் பிரான்சின் தேசியத் தொழில்சொத்து நிறுவனமான ஐ.என்.பி.ஐ. நடத்தும் ஒற்றைச்சாளரத் தளத்தில் விண்ணப்பிக்கலாம். வாடிக்கையாளர் மதுபான நிறுவனம் என்றால், 1991-ஆம் ஆண்டின் எவான் சட்டம் அந்தப் பானங்களை விளம்பரப்படுத்தும் புரவலர் ஆதரவை (ஸ்பான்சர்ஷிப்) தடைசெய்கிறது. இசைவிழா திட்டம் தீட்டுமுன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

விளம்பரப் படத்தொகுப்பாளர்கள் தற்காலிகமாக ஒரு புகழ்பெற்ற பாடலைச் சேர்த்துக் காட்டும் வழக்கத்தையும் கவனியுங்கள். இரண்டு வாரம் அதையே கேட்டுப் பழகிய வாடிக்கையாளருக்கு வேறெதுவும் பிடிக்காது. எனவே அனுமதி கிடைக்கக்கூடிய இரண்டு மாற்றுப் பாடல்களை, விலையுடன், படத்தொகுப்பு தொடங்கும் முன்பே கையில் வைத்திருங்கள்.