160 ஏக்கர் சும்மா கிடைத்ததா? கனடாவில் குடியேறிய ஆங்கிலேய விவசாயிகளைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1903 மார்ச் 31 அன்று லிவர்பூலில் இருந்து ‘லேக் மனிடோபா’ என்ற கப்பல் ஏறக்குறைய 2,000 பேரோடு கனடாவுக்குக் கிளம்பியது. ஐசக் பார் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார் திரட்டிய கூட்டம் அது. குமாஸ்தாக்கள், கடைச் சிப்பந்திகள், கைத்தொழிலாளர்கள், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் இருந்து திரும்பிய சிப்பாய்கள் எனப் பலரும் இருந்தார்கள். ஏர் பிடித்த கைகள் குறைவுதான். இன்றைய லாய்ட்மின்ஸ்டர் நகரம் இவர்களால் உருவானது. இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

பெரிய சறுக்கல், ‘இலவச நிலம்’ என்ற பேச்சு. 10 டாலர் பதிவுக் கட்டணத்துக்கு 160 ஏக்கர் என்பது உண்மை. ஆனால் கையில் கிடைத்தது பட்டா இல்லை. மூன்று ஆண்டுகள், ஆண்டுக்கு ஆறு மாதமாவது அங்கேயே வசிக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், குறிப்பிட்ட அளவு நிலத்தை உழுது காட்ட வேண்டும். அப்புறம்தான் பட்டா. அதுவரை எருது, ஏர், வண்டி, விதை, குளிர்காலத்துக்கு மாவு என்று எல்லாமே காசு. ரயிலோ சஸ்கட்டூன் என்ற ஊரோடு நின்றுவிட்டது. அங்கிருந்து குடியேற்றப் பகுதிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர் மாட்டுவண்டியிலும் குதிரைவண்டியிலும் போனார்கள். குதிரை வேகமானதுதான், ஆனால் கடும் வேலை வாங்கினால் ஓட்ஸ் போட வேண்டும். எருது வழியில் இருக்கும் புல்லை மேய்ந்தே இழுக்கும். இது தெரியாமல் குதிரை வாங்கியவர்கள் அவதிப்பட்டார்கள்.

‘வந்தார்கள், உழுதார்கள், அறுத்தார்கள்’ என்று ஒரே ஆண்டில் கதையை முடிப்பது அடுத்த தவறு. பிரெய்ரி எனப்படும் அந்தப் பரந்த புல்வெளியின் புல் வேர் கம்பளம் மாதிரி மண்ணைப் பின்னிக்கொண்டு கிடக்கும். கோடைத் தொடக்கத்தில் அதை மேலாகப் புரட்டிப் போட்டு, மக்கியபின் மறுபடி உழுதால்தான் மறு ஆண்டு கோதுமைக்கு நிலம் தயாராகும். மே மாதத்தில் வந்து சேர்ந்தவர்கள் அந்த ஆண்டே எங்கே கோதுமை அறுப்பது? உருளைக்கிழங்கும் கொஞ்சம் காய்கறியும் எடுத்தாலே பெரிது. விளைந்தாலும் விற்க வழி வேண்டுமே! ரயில் லாய்ட்மின்ஸ்டருக்கு வந்தது 1905இல்தான். ‘ரெட் ஃபைஃப்’ கோதுமையைவிட ஒரு வாரமாவது முன்னதாக முற்றி, உறைபனிக்குத் தப்பும் ‘மார்க்விஸ்’ ரகம் பரவ இன்னும் சில ஆண்டுகள் ஆயின. நடுவில் குடும்பத்தைக் காப்பாற்றியது கூலிதான். ஆண்கள் ரயில்பாதை வேலைக்கும் பிறர் பண்ணைகளுக்கும் போனார்கள். விடாமுயற்சிக் கதைகளில் இந்தக் கூலி பெரும்பாலும் விட்டுப்போகிறது.

எல்லாப் பழியையும் பார் தலையில் போடுவதும் வழக்கம். ஏற்பாடுகளில் அவர் சொதப்பினார், சரி. குடியேறியவர்களே அவரை விலக்கிவிட்டு கூட வந்த இன்னொரு பாதிரியாரான ஜார்ஜ் எக்ஸ்டன் லாய்டைத் தலைவராக்கினார்கள். ஆனால் கிளிஃபர்ட் சிஃப்டன் குடியேற்றத்துக்குப் பொறுப்பான அமைச்சராக இருந்த அந்தக் காலத்தில், ஆள் சேர்க்கக் கனடா அரசே மும்முரமாக விளம்பரம் செய்துகொண்டிருந்தது.

‘ஆளில்லாத நிலம்’ என்று எழுதாதீர்கள். அது கிரீ என்ற பழங்குடி மக்களின் நிலம். 1876இல் அவர்களுக்கும் அரசுக்கும் இடையே நிலம் பற்றிய ஆறாம் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடுத்த சில ஆண்டுகளில் காட்டெருமைகள் அற்றுப்போயின, பட்டினி வந்தது. 1885இல் அரசை எதிர்த்து எழுந்த எழுச்சி அடக்கப்பட்டு, எட்டுப் பழங்குடி ஆண்கள் பாட்டில்ஃபோர்ட் என்ற ஊரில் தூக்கிலிடப்பட்டார்கள். பதினெட்டே ஆண்டுகள் கழித்து, குடியேற வந்தவர்களின் வண்டிகள் அதே பாட்டில்ஃபோர்ட் வழியாகத்தான் போயின.

குடும்ப வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஒன்று. நிலப் பதிவில் கணவன் பெயர் மட்டும் இருப்பதைப் பார்த்து, உழைத்தவன் அவன் ஒருவன்தான் என்று முடிவுகட்டாதீர்கள். மணமான பெண் தன் பெயரில் நிலம் பதிய அன்றைய சட்டம் இடம் தரவில்லை. பிள்ளைகளோடு இருந்த விதவையைப் போல, குடும்பத் தலைவியாக இருந்தால்தான் முடியும். கணவன் கூலிக்குப் போன மாதங்களில் பிள்ளைகளையும் மாட்டையும் தோட்டத்தையும் பார்த்துக்கொண்டவள் மனைவி. காட்டுத்தீ வந்தாலும் அவள்தான் சமாளிக்க வேண்டும். பட்டா விண்ணப்பக் கோப்பில் எந்த ஆண்டு எத்தனை ஏக்கர் உழுதார்கள், எந்த மாதங்கள் அங்கே வசித்தார்கள் என்ற வாக்குமூலம் இருக்கும். அவன் ஊரில் இல்லாத மாதங்களை அதில் குறித்துக்கொண்டு, அந்த ஆண்டு உழுத ஏக்கர் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.