மதர்போர்டு வாங்குறதுலயும் ஓவர்கிளாக் பண்றதுலயும் நாம சொதப்புற இடங்கள்

ஓவர்கிளாக் (ப்ராசஸர கம்பெனி குடுத்த ஸ்பீடுக்கு மேல ஓட்டறது) பண்ணேன், சிஸ்டம் அப்பப்போ ஹேங் ஆகுதுன்னு யாராச்சும் சொன்னா உடனே எல்லாரும் வோல்டேஜ் எவ்ளோ வெச்சீங்கன்னு தான் கேப்பாங்க. நான் முதல்ல கேக்கறது என்ன போர்டு, கூலர எப்படி மாட்டினீங்கன்னு. பாதி பேருக்கு பயாஸ் (போர்டோட செட்டிங் மெனு) உள்ள போறதுக்கு முன்னாடியே தப்பு நடந்து முடிஞ்சிருக்கும்.

ப்ராசஸர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் எடுத்துட்டு மிச்சம் இருக்கற காசுக்கு ஒரு மதர்போர்டுன்னு வாங்கறது தான் முதல் தப்பு. இன்டெல்ல மல்டிப்ளையர் (ப்ராசஸர் ஸ்பீட முடிவு பண்ற பெருக்கல் எண்) ஏத்தணும்னா ப்ராசஸர் பேர்ல கே இருக்கணும், போர்டுல இருக்கற கட்டுப்பாட்டு சிப்பும் (சிப்செட்) இசட் வகையா இருக்கணும், அதாவது இசட்690, இசட்790 மாதிரி. 13700கே வாங்கிட்டு பி760 போர்டுல போட்டா ரேம் ஸ்பீட ஏத்தலாம், ப்ராசஸர் மல்டிப்ளையர ஏத்த முடியாது, அந்த கே-வுக்கு குடுத்த காசு வீண். ஏஎம்டில கொஞ்சம் தாராளம், பி650, எக்ஸ்670 எல்லாத்துலயும் பண்ணலாம், ஆனா ஏ520, ஏ620ன்னு ஏ-ல ஆரம்பிக்கறதுல ப்ராசஸர் ஓவர்கிளாக் கிடையாது. இன்னொண்ணு, எல்ஜிஏ1700ங்கற இன்டெல் சாக்கெட்ல (ப்ராசஸர் உக்கார்ற இடம்) டிடிஆர்4 போர்டும் இருக்கு டிடிஆர்5 போர்டும் இருக்கு, பேர் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கும், ஆனா ரேம் மாத்தி போட முடியாது, வெட்டு இருக்கற இடமே வேற.

சிப்செட் சரியா இருந்தா போதும்னு நினைக்கறவங்க விஆர்எம்ல மாட்டுவாங்க. பவர் சப்ளைலேர்ந்து வர்ற 12 வோல்ட்ட ப்ராசஸருக்கு வேணுங்கற 1.2, 1.3 வோல்ட்டா இறக்கிக் குடுக்கறது இந்த விஆர்எம் தான், சாக்கெட்ட சுத்தி ஹீட்சிங்க்குக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். பாக்ஸ் மேல 16+1ன்னு பெருசா போட்டிருப்பாங்க, அத அப்படியே நம்பாதீங்க, கண்ட்ரோலர்ல இருக்கறது 8 ஃபேஸா (கரண்ட்ட பங்கு போட்டு குடுக்கற வரிசை) இருக்கும், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ரெண்டு பவர் ஸ்டேஜ் சேத்து 16ன்னு எண்ணியிருப்பாங்க. அதுல தப்பில்ல, ஆனா எண்ணிக்கைய விட ஒவ்வொரு ஸ்டேஜும் எத்தன ஆம்ப் தாங்கும், மேல இருக்கறது நிஜமான ஹீட்சிங்க்கா இல்ல அழகுக்கு ஒட்டின தகடான்னு பாக்கறது தான் முக்கியம். இது வீக்கா இருந்தா ஒரு வேடிக்கை நடக்கும், ப்ராசஸர் 70 டிகிரில ஜம்முனு இருக்கும், ஆனா ரெண்டர் போட்டு பத்து நிமிஷத்துல கிளாக் ஸ்பீடு மட்டும் சரசரன்னு கீழ இறங்கும், ஆளு போய் கூலர மாத்திட்டு வருவாரு, ஒண்ணும் சரியாகாது. எச்டபிள்யூஇன்ஃபோல (சூடு, வோல்டேஜ் எல்லாம் காட்டற சாஃப்ட்வேர்) விஆர்எம் சென்சார் இருந்தா அத முதல்ல பாருங்க. வண்ண வண்ண லைட்டுக்கு நான் எதிரி இல்ல, ஆனா அந்த காசு ஹீட்சிங்க்ல இருந்தா நல்லது.

இனி கூலர். இதுல நானே பட்டிருக்கேன். என்னோட பழைய ஏஎம்4 சிஸ்டத்துல (ஏஎம்டியோட சாக்கெட், பின் ப்ராசஸர்ல இருக்கும்) பேஸ்ட், அதாவது ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல சூட்ட கடத்த தடவறது, அத மாத்தலாம்னு ஒரு நாள் உக்காந்தேன், ஆஃப் பண்ணி ஆறிப்போன சிஸ்டம், ஸ்க்ரூவ கழட்டிட்டு கூலர நேரா மேல இழுத்தேன், வரல, இன்னும் கொஞ்சம் பலமா இழுத்தேன், பொட்டுன்னு கூலரோட ஒட்டிக்கிட்டே ப்ராசஸரும் கைக்கு வந்துடுச்சு, சாக்கெட் லிவர் பூட்டினபடியே இருக்கு. மூலையில நாலு பின் சாஞ்சிருந்துச்சு, லெட் இல்லாத மெக்கானிக்கல் பென்சில் நுனிய ஒவ்வொரு பின்லயும் நுழைச்சு நிமுத்தறதுக்குள்ள சட்டையெல்லாம் நனைஞ்சுபோச்சு. காஞ்ச பேஸ்ட் பசை மாதிரி பிடிச்சுக்கும், அதனால முதல்ல கொஞ்ச நேரம் லோடு குடுத்து சூடாக்கிட்டு, ஆஃப் பண்ணி, கூலர இடமும் வலமும் லேசா திருகி விடுவிச்சு அப்புறம் தான் தூக்கணும். அதுக்கு அடுத்து வந்த ஏஎம்5ல பின் சாக்கெட்லயே இருக்கு, ப்ராசஸர மேல ஒரு ஃபிரேம் அழுத்திப் பிடிச்சிருக்கு, அதனால இந்த கண்டம் இல்ல.

மாட்டும்போது நடக்கற தப்பு வேற ரகம். இன்டெல்ல எல்ஜிஏ1156லேர்ந்து எல்ஜிஏ1200 வரைக்கும் ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு நடுவுல 75 மில்லிமீட்டர், எல்ஜிஏ1700ல 78. மூணு மில்லிமீட்டர் தானேன்னு பழைய பிராக்கெட்ட இழுத்துப் பிடிச்சு மாட்டாதீங்க, ப்ராசஸரோட உயரமும் மாறியிருக்கு, அழுத்தம் சரியா விழாது, புது பிராக்கெட் வாங்கியே ஆகணும். ஏஎம்5ல பின்பக்க தகடு சாக்கெட்டோட சேந்தது, அத கழட்டிட்டு தன்னோட தகட போடச் சொல்ற பழைய கூலர் அதுல சேராது. ஸ்க்ரூவ ஒரு மூலைய முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்கு போகாம எதிர் எதிர் மூலையா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. இன்டெல் பாக்ஸ்ல வர்ற புஷ்பின் கூலரா இருந்தா போர்ட திருப்பிப் பாருங்க, நாலு வெள்ளை கிளிப்புக்கு நடுவுலயும் கருப்பு முனை தெரியணும், ஒண்ணு தெரியலன்னாலும் அந்தப் பக்கம் தூக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். கூலர் அடியில இருக்கற பிளாஸ்டிக் ஃபிலிம பிரிக்காம மாட்டறவங்க இன்னமும் இருக்காங்க, சிரிக்காதீங்க, ஆன் பண்ண உடனே 95 டிகிரின்னு பதறி வர்றவங்கள்ல நிறைய பேர் கேஸ் இது தான். லிக்விட் கூலர்னா ரேடியேட்டர விட பம்ப் உயரத்துல இருக்கக் கூடாது, காத்து போய் பம்ப்புல தங்கிடும்.

சரி, பயாஸ் உள்ள போவோம். முதல் வேலையே 5.2 கிகாஹெர்ட்ஸ்னு நம்பர் போடறது இல்ல, எக்ஸ்எம்பி இல்லன்னா எக்ஸ்போ (ரேம பாக்ஸ்ல போட்ட ஸ்பீடுல ஓட வைக்கற செட்டிங்) ஆன்ல இருக்கான்னு பாருங்க, 6000 ஸ்பீடு ரேம் வாங்கி 4800லயே மாசக்கணக்கா ஓட்டறவங்க உண்டு. ரெண்டு ரேம் மட்டும்னா பெரும்பாலும் ப்ராசஸர்லேர்ந்து எண்ணி ரெண்டாவதும் நாலாவதுமா இருக்கற ஸ்லாட் தான்.

வோல்டேஜ ஆட்டோவுல விட்டுட்டு மல்டிப்ளையர மட்டும் ஏத்தறது தான் எனக்கு ரொம்ப பயம் தர்ற தப்பு. போர்டு க்ராஷ் ஆகக்கூடாதுன்னு தாராளமா அள்ளிக் குடுக்கும். பவர் வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும்கறத மறக்காதீங்க, 5.0 கிகாஹெர்ட்ஸ் 1.25 வோல்ட்லேர்ந்து 5.2க்கு 1.35 வோல்ட் குடுத்தா ஸ்பீடு 4 சதவீதம், ஸ்பீடு ஏறினதையும் சேத்து பவர் ஏறக்குறைய 21 சதவீதம், அந்த சூட்ட உங்க கூலர் சுமக்கணும். போர்டு சொல்றத கண்ண மூடிட்டு நம்பக் கூடாதுன்னு காட்ட ரெண்டு சம்பவம் போதும்: 2023ல ரைசன் 7000 எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில சாக்கெட்லயே கருகினதும் ஏஎம்டி எஸ்ஓசி வோல்டேஜுக்கு (ப்ராசஸருக்குள்ள மெமரி கண்ட்ரோலர் மாதிரி பகுதிகளுக்கு போறது) 1.3 வோல்ட்னு வரம்பு வெச்சுது, 2024ல இன்டெல் 13, 14ம் ஜெனரேஷன் ப்ராசஸர்கள் க்ராஷ் ஆன பிரச்சினைக்கு 1.55 வோல்ட்டுக்கு மேல கேக்கவிடாத மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள்ள ஓடற ப்ரோக்ராம்) விட்டாங்க. ரெண்டுமே பயாஸ் அப்டேட்டா தான் வந்துச்சு, அதனால பழைய பயாஸோட ஓவர்கிளாக் ஆரம்பிக்கவே வேணாம்.

டெஸ்ட்ட பத்தி ஒண்ணு, சினிபெஞ்ச் (ப்ராசஸர் டெஸ்ட் சாஃப்ட்வேர்) ஒரு தடவ ஓடி முடிஞ்சா ஸ்டேபிள்னு அர்த்தம் இல்ல. ரைசன்ல கர்வ் ஆப்டிமைசர்ல (கோர்களோட வோல்டேஜ குறைக்கற செட்டிங்) எல்லா கோருக்கும் மைனஸ் 30 போட்டுட்டு ஃபுல் லோடுல மணிக்கணக்கா நல்லா ஓடும், சும்மா பாட்டு கேட்டுட்டு இருக்கும்போது பட்டுன்னு ரீஸ்டார்ட் ஆகும், ஏன்னா லோடு கம்மியா இருக்கும்போது தான் ஒரு கோர் மட்டும் உச்ச ஸ்பீடுக்கு போகும். அதனால ஒவ்வொரு கோரா தனித்தனியா டெஸ்ட் பண்ணுங்க, ரேமுக்கு மெம்டெஸ்ட் தனியா ஓட விடுங்க. ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க, எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டு பூட் ஆகலன்னா எதுன்னு தேடறது? கிளியர் சிமாஸ் (பயாஸ் செட்டிங்க அழிச்சு பழையபடி ஆக்கறது) பின் எங்க இருக்குன்னு போர்ட கேஸ்ல மாட்டறதுக்கு முன்னாடியே பாத்து வெச்சுக்கோங்க, கிராபிக்ஸ் கார்டுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும் பாவி. ஓடற செட்டிங்க பயாஸ் ப்ரொஃபைல்ல சேவ் பண்ணதோட நிக்காம ஃபோன்ல ஒரு போட்டோவும் எடுங்க, அப்டேட் பண்ணா அந்த ப்ரொஃபைல் பெரும்பாலும் போயிடும்.